உப்பு பார்க்கிற அக்கா

மீன் செத்து மிதந்த தண்ணீரில் விரலை விட்டு, அதை நாக்கில் வைத்தாள். நான் அவளை முதலில் பார்த்தது அப்படித்தான்.

மார்த்தாண்டத்தில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரே அவள் கடை. கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன் விற்கிற கடை. ஸ்டாண்டுக்கு நான் புதுசு. குடிக்கத் தண்ணீர் கேட்கப் போனேன். ஒரு தொட்டியின் முன்னால் நின்றாள். உள்ளே ஒரு மீன் வயிறு தெரிய மிதந்தது. அவள் பாட்டிலில் இருந்து ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினாள். சுண்டுவிரலைத் தொட்டியில் விட்டாள். நாக்கு நுனியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்குத் தாகம் போய்விட்டது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

“என்னலே பாக்க. உன் வீட்டுல கறிக்கு உப்பு பாக்க மாட்டாவளா?”

“கறியில செத்தது கெடக்காதே அக்கா.”

“கறியில செத்ததுதான்லே கெடக்கும்,” என்றாள்.

அன்றைக்கே பழகிவிட்டோம்.

ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவள் அக்கா. கடற்கரைக்காரி. சின்ன வயதில் அம்மாவோடு இருந்து கருவாட்டுக்கு உப்பு போட்டவள். கட்டினவன் விட்டுவிட்டுப் போனான் என்று ஒரு பேச்சு உண்டு. நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. கடைக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாக இருந்தாள். சமையல் ஒரு ஸ்டவ். துணைக்கு மீன்.

மீனுக்குச் சீக்கு வந்தால் ஆட்கள் அவளைத் தேடி வருவார்கள். தக்கலை, குலசேகரம், பாறசாலை வரைக்கும் என் ஆட்டோவில்தான் போவாள். பின் சீட்டில் இரண்டு வாளி, ஒரு பை கல்லுப்பு, ஒரு மக். மருந்து வைத்திருந்தாள். ஆனால் அவள் முதலில் நம்புவது உப்பை. உப்பை விட நம்புவது தன் நாக்கை.

அளவுக்குக் கரண்டி வைத்துக்கொள்ள மாட்டாள். தராசு கிடையாது. நான் ஒருநாள் கேட்டேன்.

“எப்பிடிக்கா தெரியும், இம்புட்டு போதும்ணு?”

“உப்பு உண்டா இல்லியாண்ணு ஒரு சந்தேகம் வரணும். சந்தேகம் வந்தா நிறுத்திரணும். உண்டுண்ணு உறுதியாட்டு தெரிஞ்சா கூடிப்போச்சு. மனசிலாச்சா?”

“அப்பம் மீனு?”

“சில மீனு தாங்கும். இந்த கெளுத்தி, அயிரை சாதி கொஞ்சம் கூடினாலும் தாங்காது. மேலுல செதில் இருக்கிறதா கண்ணுக்குத் தெரியாது பாத்துக்க. அதுவளுக்கு ஒடம்பு முழுக்க நாக்கு.”

சீக்கு இல்லாத மீனுக்கு உப்பே கூடாது என்பாள். சிலர் நல்லது என்று நினைத்து வாராவாரம் ஒரு பிடி போடுவார்கள். அவர்களிடம் கேட்பாள். “காய்ச்சல் இல்லாம மாத்திரை திங்கியளா நீங்க?”

கல்லுப்பை வாளியில் போட்டு முழுக்கக் கரையும் வரை கலக்குவாள். பிறகு ஒரு மக் எடுத்து, தொட்டியில் தண்ணீர் வந்து விழுகிற இடத்தில் ஊற்றுவாள். உடனே நிறுத்திவிடுவாள். மற்றதை அடுத்த நாள் வந்து ஊற்றுவாள். கரையாத கல்லு மீன் முதுகில் விழுந்தால் அந்த இடம் வெந்துவிடும் என்றாள். ஒருநாள் அவளுக்குக் கை வலி. என்னை ஊற்றச் சொன்னாள். நான் மக்கைச் சட்டென்று கவிழ்த்தேன். புறங்கையில் ஒரு அடி விழுந்தது. பலமான அடி.

“பைய,” என்றாள். “பைய ஊத்துலே. உன் தலையில நான் ஒரு குடம் கொட்டட்டா?”

பைய என்பது அவள் வாயில் எப்போதும் இருக்கிற சொல். ஆட்டோவையும் பைய ஓட்டச் சொல்வாள்.

என் பெண்டாட்டி வைத்த கறியை எப்போதாவது கொண்டு கொடுப்பேன். ஒரு வாய் வைத்ததுமே சொல்லிவிடுவாள்.

“உப்பு கூட.”

“எனக்குச் சரியாட்டுதான் இருக்கு.”

“உனக்கு நாக்கு இல்ல. அவளுக்குக் கை இல்ல. நல்ல பொருத்தம்.”

பெண்டாட்டியிடம் இதைச் சொன்னேன். அடுத்த முறை அவள் உப்பைக் குறைத்து வைத்துக் கொடுத்தாள். அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு, “இப்பம் குறைவு, என்கிட்ட கோவப்பட்டுப் போட்டிருக்கா,” என்றாள். உண்மை அதுதான். வீட்டில் வந்து சொன்னபோது என் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளிடம் இருந்தது அந்த நாக்குதான். வேறு படிப்போ, சொத்தோ, ஆளோ இல்லை. ஆட்கள் வந்தது வெறுமே மீன் வாங்க இல்லை. அவளிடம் வாங்கினால் சாகாது என்று வந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் ஊர்ப் பக்கம் போனோம். அவளுடைய சித்தி வீடு. படகுக்காரர் வீடு, பெரிய தொட்டி. மீன் மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. ரவையைத் தூவினது போல இருக்கும் அந்தச் சீக்கு. போய்ப் பார்த்தால் தொட்டியின் அடியில் கறுப்புக் கறுப்பாக என்னவோ கிடந்தது.

“என்ன சித்தி இது?”

“மிளகு மக்கா.”

“மிளகா?”

“கோயில்ல எடுத்தது. சீக்கு மாறட்டும்ணு போட்டேன்.”

அவர்கள் கத்தோலிக்கர்கள். புனிதர் கோயிலில் உப்பும் மிளகும் நேர்ச்சை போடுவார்கள். கொடிமரத்து அடியில் கொட்டுவார்கள். திரும்பும்போது ஒரு கல்லு உப்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். மேலில் பரு, தேமல் வந்தால் இப்படிச் செய்தால் மாறும் என்று நம்பிக்கை. மீன் மேலிலும் பருப் போலத்தானே இருக்கிறது. சித்தி இரண்டு கையாலும் அள்ளிவந்து கொட்டியிருக்கிறாள். நான் வேறு சபை. எங்களுக்கு இதெல்லாம் கிடையாது.

அக்கா கொப்பளித்தாள். விரலை விட்டாள். நாக்கில் வைத்ததும் முகம் சுருங்கியது.

“வாளியை எடுலே.”

“குத்தம் வந்துரும் மக்கா, புனிதருக்கு நேர்ந்த உப்பு,” என்று சித்தி கையைப் பிடித்தாள்.

அக்கா நெற்றியில் சிலுவை போட்டாள். “புனிதருக்குப் போட்டா நேர்ச்சை. மீனுக்குப் போட்டா வெறும் உப்பு,” என்றாள். பாதித் தண்ணீரை வெளியே கொட்டினாள்.

செவ்வாய் தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் அவள். அவள் வாயில் இந்தப் பேச்சு வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி வரும் வழியில் கேட்டேன்.

“நீங்க இப்பிடி சொல்லலாமாக்கா?”

“தொட்டியில கெடக்க உப்பு தானாட்டு போவாது மக்கா. தண்ணி காயும். உப்பு காயாது. எங்க ஊரு உப்பளத்துல போய் பாரு. கொட்டினாத்தான் போவும். புனிதரும் வந்து கொட்ட மாட்டாரு, நாமதான் கொட்டணும்.”

அதோடு பேச்சை விட்டுவிட்டாள்.

இனி தக்கலை வீடு.

அந்த வீட்டுக்காரர் கத்தாரில் வேலை. வீட்டில் மனைவி மட்டும். அவர் போகும் முன்னே வாங்கி வளர்த்த மீன் கொஞ்சம் அங்கே இருந்தது. லோச் என்று பெயர். ஆரஞ்சு உடம்பு, கறுப்புப் பட்டை, எலி போல மீசை. நம்ம அயிரைக்குச் சொந்தம்தான் என்பாள் அக்கா. வாங்கும்போது விரல் அளவு. வருஷக்கணக்கில் வளர்ந்து கையளவு ஆகிவிட்டது. அதில் ஒன்று எல்லாவற்றையும் விடப் பெரியது.

அந்த மீனைத்தான் அவர் முதலில் கேட்பார். வீடியோவில் கூப்பிட்டால், காமிராவைத் தொட்டிக்கு நேராகப் பிடி என்பாராம்.

“என்னைய நல்லா இருக்கியாண்ணு கேக்கிறது கடைசியாட்டு,” என்றாள் அந்தப் பெண். “இதுவளுக்கு என்னமும் ஆச்சுண்ணா என்னைய வீட்டுல வைக்க மாட்டாவ அக்கா.”

“நீயும் மேலுல மூணு பட்டை போட்டுக்க மோளே,” என்றாள் அக்கா. “பொறவு கேப்பாவ.”

அந்தப் பெண் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

முதல் தடவை எங்களைக் கூப்பிட்டது அழுதுகொண்டு. பெரியது செத்துவிட்டது என்றாள். ஆட்டோவை விரட்டிக்கொண்டு போனோம். தொட்டிக்குள் அந்த மீன் மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. செத்த மீன் அப்படித்தான் கிடக்கும். நானும் செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அக்கா நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள். மீன் துள்ளி எழுந்து கல்லுக்கு அடியில் போனது.

“ஒறங்குது,” என்றாள். “இந்தச் சாதி இப்பிடித்தான். சொவமா இருந்தாத்தான் சரிஞ்சு கெடக்கும். பயப்படாத. கெடந்தா கெடக்கட்டும்.”

அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு எங்களுக்குச் சோறு போட்டாள். அக்கா அதிலும் உப்பு பார்த்துச் சொன்னாள்.

பிறகு கொரோனா வந்தது. ஸ்டாண்ட் ஆளில்லாமல் கிடந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். யாரையும் உள்ளே விடவில்லை. கடை மீன்களுக்கு நான்தான் தீனி போட்டேன். அவள் போனில் சொல்லச் சொல்லப் போட்டேன்.

திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தாள். மூச்சு வாங்கியது. ஆனால் கடையைத் திறந்துவிட்டாள். கொப்பளிப்பதும், சுண்டுவிரலும், கண்ணை மூடுவதும் முன்பு போலவே.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. ஏசுவது நின்றுபோனது.

டீக்கடைக்காரர் ஒருநாள் சீனி போட மறந்துவிட்டார். நான் ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவள் முழு கிளாசையும் குடித்து முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு நாள் என் வீட்டுக் கருவாட்டுக் கறி. பெண்டாட்டி உப்பு போட்டதை மறந்து மறுபடியும் போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது, அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போய் சாப்பிட்டபோது வாயில் வைக்க முடியவில்லை. நாளை நல்ல ஏச்சு விழும் என்று நினைத்துப் போனேன். பாத்திரத்தைக் கழுவி வைத்திருந்தாள்.

“கொள்ளாம், நல்லா இருக்கு,” என்றாள். “அவளுக்குக் கை வந்துட்டு.”

காய்ச்சல் ஆளைச் சாந்தமாக்கிவிட்டது என்று நினைத்தேன். பெண்டாட்டியிடமும் அப்படியே சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அடுத்த கோடையில் தக்கலை வீட்டில் இருந்து போன் வந்தது. லோச் மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. வீட்டுக்காரருக்கு லீவு கிடைத்துவிட்டது, வரப்போகிறார். அவர் வரும் முன்னே மாற வேண்டும்.

போனோம். அக்கா கொப்பளித்தாள். விரலை விட்டாள். கண்ணை மூடினாள். வாளியில் உப்பைக் கரைத்து ஒரு மக் ஊற்றினாள். அடுத்த நாளும் போனோம். கண்ணை மூடினாள். “உப்பு ஏறல,” என்றாள். மறுபடியும் ஊற்றினாள். அதற்கு அடுத்த நாளும் ஏறவில்லை. அன்றைக்கு ஒரு வாளி முழுக்க உள்ளே போனது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் நாக்கு அவளுடையது. நான் வாளி தூக்குகிறவன்.

அடுத்து போனது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்.

அந்தப் பெண் சந்தோஷமாகக் கதவைத் திறந்தாள். “புள்ளி கொஞ்சம் குறைஞ்சிருக்கு அக்கா. காலம்பற இருந்து எல்லாம் நல்ல ஒறக்கம்.”

தொட்டியைப் பார்த்தேன். எல்லா மீனும் மணலில் ஒருக்களித்துக் கிடந்தன. ஒன்று பாக்கி இல்லை.

அக்கா பாட்டிலைத் திறந்து கொப்பளித்தாள். விரல். நாக்கு. கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

“இன்னும் ஏறல,” என்றாள். உப்புப் பையை எடுத்தாள்.

அந்தப் பெண் விளையாட்டுக்கு நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள். அக்கா முன்பு செய்தது போல. ஒரு மீனும் எழும்பவில்லை.

“பாத்தியளா, தட்டினாக்கூட எழும்பல. அம்புட்டு சொவம்,” என்றாள்.

மறுபடி தட்டினாள். பெரியதன் மேலில் இருந்து என்னவோ எச்சில் போல உரிந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. செவுள் அடிப்பதாகத் தெரியவில்லை.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எத்தனையோ தொட்டி பார்த்திருக்கிறேன். ஒருநாளும் செய்ததில்லை. அருவருப்பு. அன்றைக்கு வாளியைக் கீழே வைத்துவிட்டு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தேன்.

எனக்குச் சந்தேகம் வரவில்லை. உப்பு. கஞ்சிக்குப் போட்டது போல உப்பு.

விரலைச் சட்டையில் துடைத்தேன். சீனி இல்லாத டீ ஞாபகம் வந்தது. கழுவி வைத்த பாத்திரம் ஞாபகம் வந்தது. கொள்ளாம் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். கையில் உப்பு கரைந்த மக் இருந்தது.

“எப்பிடி இருக்கு?” என்று கேட்டாள். மெதுவாகக் கேட்டாள். உப்பைப் பற்றி அவள் இன்னொருவரிடம் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல்.

“கஞ்சி போல இருக்குக்கா.”

அவள் மக்கை வாளியில் கவிழ்த்தாள். சத்தமே வரவில்லை. அப்போதும் பையத்தான் கவிழ்த்தாள்.

“பாத்ரூம் டிரம்முல பிடிச்சு வச்ச தண்ணி உண்டா மோளே?”

“உண்டு அக்கா. என்னாச்சு?”

“எடுத்துக் குடு. ஏலே, குழாயைப் போடு.”

ரப்பர் குழாய் வைத்துத் தண்ணீரை இறக்கினேன். டிரம்மில் இருந்து மோந்து மோந்து அவள் ஊற்றினாள். உள்ளே ஊற்றுவதும் வெளியே விடுவதுமாக மத்தியானம் முழுக்கப் போனது. நான் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்றேன். தலையை ஆட்டினாள். ஏறினது போலத்தான் இறங்கணும், சட்டென்று இறக்கினாலும் கெடுதல் என்றாள். மூச்சு இரைத்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

ஒவ்வொரு தடவையும் தொட்டித் தண்ணீரை மக்கில் மோந்து எனக்கு முன்னால் நீட்டுவாள். நான் தொட்டுப் பார்ப்பேன்.

“உண்டு.”

ஊற்றுவாள்.

“உண்டு.”

ஊற்றுவாள்.

சின்ன மீன்கள் ஒவ்வொன்றாக வால் அசைத்தன. பெரியது அசையவில்லை. அக்கா அதைக் கையில் எடுத்தாள். செவுளைத் திறந்து பார்த்தாள். கூட இன்னொன்றும் போயிருந்தது. இரண்டையும் தன் முந்தானையில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் அப்போதுதான் புரிந்துகொண்டாள். அழவில்லை. சுவரோடு சாய்ந்துவிட்டாள். “ஒறங்குதுண்ணு நீங்கதானே சொன்னிய,” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. வெள்ளிக்கிழமை அங்கே அவருக்கு வேலை கிடையாது. வீடியோ.

அந்தப் பெண் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “சீக்குல செத்துண்ணு சொல்லிரட்டா?” என்றாள். வாய் கோணியது. “அக்கா, என்ன சொல்ல?”

“இஞ்ச தா,” என்றாள் அக்கா.

வாங்கினாள். அவர் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டு என்னவோ கேட்க வந்தார்.

“தம்பி, மீன்கடை அக்கா. உங்க பெரிய மீனை நான் கொன்னுட்டேன்,” என்றாள். “சீக்கு இல்ல. உப்பு கூடிப்போச்சு. எனக்கு நாக்குல ருசி கெடையாது. காய்ச்சல்ல போச்சு. கடை போயிரும்ணு மறைச்சு வச்சிருந்தேன். என் கடை மீனுக்கு அதுவ ஓடுறதப் பாத்துப் போட்டுச் சமாளிச்சேன். இது சரிஞ்சு கெடக்க சாதி. பாத்துத் தெரியல. உங்க வீட்டுக்காரிக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவளை ஏசாதுங்க.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். மூச்சு வாங்கினாள்.

இவ்வளவு நாள் அவள் கொப்பளித்தது, விரலை வைத்தது, கண்ணை மூடியது எல்லாம் எனக்கு முன்னால்தான். எனக்கு முன்னாலேயே நடித்திருக்கிறாள். ஒருநாள் கூட எனக்குத் தெரியவில்லை.

அவர் கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

“மத்ததுவ?” என்றார்.

“மூச்சு உண்டு.”

பிறகு கேட்டார். “உங்களுக்கு ருசி போயி எவ்வளவு காலம் ஆச்சு?”

“ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள் முதல்.”

“எனக்கும் போச்சு அக்கா. இஞ்ச கேம்புல காய்ச்சல் வந்து கெடந்தேன். நானும் யாருட்டயும் சொல்லேல.”

சுவரோடு நின்ற பெண் ஓடிவந்து போனை வாங்கினாள். “உங்களுக்குக் காய்ச்சல் வந்துதா? எப்பம்? என்கிட்ட சொல்லலியே.”

“நீ பயந்து வெப்ராளப்படுவேண்ணு...”

“மீனைக் காட்டு, போனைத் திருப்புண்ணு அப்பம் விடாம சொன்னது அதுக்கா? உங்க மூஞ்சிய நான் பாக்கப்பிடாதுண்ணா?”

அவள் தரையில் உட்கார்ந்து அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். மீனுக்கு அழவில்லை.

போனில் இருந்து அவர் குரல் மட்டும் வந்தது. “அக்கா நிக்காவளா? அவியகிட்ட சொல்லு. எனக்கு ருசி திரும்ப வந்துண்ணு சொல்லு. ரொம்ப காலம் ஆச்சு. பைய பைய வந்து.”

அக்கா முந்தானையில் இருந்த மீன்களைக் கொண்டுபோய்த் தென்னை மரத்து அடியில் புதைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் கொப்பளிக்கவில்லை. தராசு வாங்கினாள். யார் வந்தாலும் முதலில் சொல்லிவிடுவாள். “எனக்கு நாக்கு போச்சு. எடை பாத்துத்தான் போடுவேன். பயமிருந்தா வேற ஆளைப் பாருங்க.” வேறு ஆளைப் பார்த்தார்கள். வெளியூர்ப் போக்கு குறைந்தது. வாளிகளைக் கவிழ்த்துக் கடைக்கு வெளியே வைத்துவிட்டாள். சில நாள் பூனை அதன் மேல் படுத்திருக்கும்.

தக்கலைக்காரர் லீவில் வந்தார். கடைக்கும் வந்தார். ஏசவில்லை. மனைவியும் கூட வந்தாள். பேரீச்சம்பழம் கொடுத்தார். அவர்கள் போன பிறகு அக்கா எனக்கு ஒன்று தந்துவிட்டு, தானும் ஒன்றை எடுத்து மென்றாள். என்னைப் பார்த்தாள்.

“இனிப்பு உண்டாலே?”

“உண்டு அக்கா.”

“நல்ல இனிப்பா?”

“நல்ல இனிப்பு.”

தலையாட்டிக்கொண்டு கொட்டையைத் துப்பினாள்.

செவ்வாய்க்கிழமை அவளைக் கோயிலுக்குக் கொண்டுபோவது மட்டும் நிற்கவில்லை. நான் உள்ளே போக மாட்டேன். ரோட்டோரம் வண்டியில் இருப்பேன். அங்கே இருந்தே கொடிமரம் தெரியும். ஒரு பொட்டலம் உப்பும் மிளகும் அடியில் கொட்டுவாள். பிறகு குனிந்து ஒரு கல்லு எடுத்து நாக்கில் வைப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். தொட்டிக்கு முன்னால் நின்றது போலவே நிற்பாள். மற்றவர்கள் வாயில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார்கள். அவள் அது கரைந்து முடியும் வரை நிற்பாள்.

திரும்பி வரும்போது முகத்தைப் பார்ப்பேன். கேட்க மாட்டேன். அவளும் சொல்ல மாட்டாள். வண்டியை எடுப்பேன். எத்தனையோ செவ்வாய் அப்படிப் போனது.

ஒரு செவ்வாய், மழை வரும் போல இருந்தது. வழக்கம் போலக் குனிந்தாள். நாக்கில் வைத்தாள். நின்றாள். பிறகு மறுபடியும் குனிந்து இன்னொரு கல்லு எடுத்தாள். அவள் இரண்டாவது எடுத்து நான் பார்த்ததில்லை. அதையும் வைத்துக் கண்ணை மூடினாள். தூறல் விழுந்தது. ஆட்கள் எல்லாம் உள்ளே ஓடினார்கள். அவள் அசையவில்லை.

நான் வண்டியில் இருந்து இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று தெரியாது.

நனைந்துகொண்டு வந்தாள். பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நானும் ஏறினேன். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை கேட்டேன்.

“என்னக்கா?”

நாக்கை வாய்க்குள் புரட்டினாள்.

“ஒரு சந்தேகமாட்டு இருக்கு மக்கா,” என்றாள்.

நான் வண்டியை எடுத்தேன். பைய எடுத்தேன்.